தனியே நிற்கும் வாக்காளர்

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25இல் தொடங்கி 1952 பிப்ரவரி 21இல் முடிந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதன் பிரம்மாண்டத்தைச் சொல்வார்கள். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், 20 லட்சத்துக்கும் அதிகமான எஃகுப் பெட்டிகள், நான்கு மாதம் நீண்ட வாக்குப்பதிவு. இந்த எண்களை விடவும் பெரிய சிக்கல் ஒன்று வாக்குச்சாவடியின் மறைப்புக்குப் பின்னால் இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். மற்றவர்களில் ஒருவர் ஓட்டுப் போட வருகிறார். மறைப்புக்குள் அவர் தனியாகப் போக வேண்டும். கணவனோ, மகனோ, பண்ணையாரோ, அதிகாரியோ கூடவே போகக் கூடாது. உள்ளே என்ன செய்வது என்று காதில் சொல்லவும் ஆள் இருக்கக் கூடாது. யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு, தான் நினைத்தவருக்கே ஓட்டு விழுந்தது என்ற நிச்சயத்தோடு அவர் வெளியே வர வேண்டும்.

இப்படிப்பட்ட சிக்கலைத் தீர்க்கும் வேலைக்கு இன்று மனித மைய வடிவமைப்பு என்று பெயர். ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்கும்போது, உருவாக்குகிறவரின் வசதியிலிருந்து தொடங்காமல், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் கண், கை, பழக்கம், பயம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது அதன் அடிப்படை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. இதற்கென ஒரு தரநிலையை 1999இல்தான் வெளியிட்டது. இன்று மென்பொருள் நிறுவனங்களில் இது தனித் துறை, தனிச் சம்பளம். ஆனால் கணினித் திரைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மிகக் கடினமான நிபந்தனைகளோடு இந்த வேலை இந்தியாவில் நடந்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் தங்களை வடிவமைப்பாளர்கள் என்று அழைத்துக்கொள்ளவில்லை. தேர்தல் அதிகாரிகள், அச்சகத்தார், பெட்டி செய்த தொழிலாளர்கள், பின்னாளில் மின்னணுப் பொறியாளர்கள் என்றே அவர்கள் அறியப்பட்டார்கள்.

வேறு வழிகளும் அப்போது இருந்தன. எழுத்தறிவு இல்லாதவருக்கு ஓட்டே கிடையாது என்று சொல்லிவிடுவது அவற்றில் ஒன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கி வைக்க எழுத்தறிவுத் தேர்வுகள் 1965 வரை பயன்பட்டன. இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னுக்கு அரசமைப்புச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாகியிருந்தது. ஆட்களை முறைக்கு ஏற்ப மாற்ற முடியாது. முறைதான் ஆட்களுக்கு ஏற்ப மாற வேண்டும். வடிவமைப்பு வல்லுநர்கள் பின்னாளில் வகுப்புகளில் பாடமாகச் சொன்ன இந்த விதி, இங்கே ஒரு அரசியல் முடிவாக முதலில் வந்தது.

முன்னுதாரணங்கள் கைவசம் இருந்தன. இலங்கையில் 1931இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது, வேட்பாளர்களுக்கு ஆளுக்கொரு வண்ணப் பெட்டி கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தின் 1937 தேர்தலிலும் வண்ணப் பெட்டிகள்தான். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. அந்தத் தேர்தலில் மேடைதோறும் கேட்கப்பட்டது காந்தியின் பெயரும் மஞ்சள் பெட்டியும்தான். வண்ணம் எளிது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான்கைந்து வேட்பாளர்கள் வரை கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபடும் நிறங்கள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் நீலமா, கருநீலமா என்ற குழப்பம் வரும். நாடு முழுக்கப் பரவிய தேர்தலுக்கு அது போதாது.

அதனால் 1952இல் சின்னங்கள் வந்தன. இரட்டைக் காளை, ஆலமரம், குடிசை, கதிரும் அரிவாளும், விளக்கு, யானை. வயலிலும் வீட்டிலும் தினமும் கண்ணில் படுகிற பொருட்களாகப் பார்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதன்மேல் ஒட்டிய சின்னம். ஓட்டுச் சீட்டில் எழுத வேண்டியதும் இல்லை, குறியிட வேண்டியதும் இல்லை. சீட்டை வாங்கி, உள்ளே போய், விருப்பமான சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். கோயில் உண்டியலில் காசு போடத் தெரிந்த எவருக்கும் இதைச் செய்யத் தெரியும். மும்பை விக்ரோலியில் இருந்த கோத்ரெஜ் ஆலை மட்டும் 12 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைச் செய்து கொடுத்தது. வெளியே தனிப் பூட்டு மாட்டினால் செலவு கட்டுப்படியாகாது என்பதால் பூட்டைப் பெட்டிக்கு உள்ளேயே வைத்தார்கள்.

சின்னம் என்ற இந்த ஏற்பாடு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குத் தமிழ்நாட்டு அரசியலே சாட்சி. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. பிளவுபட்டு, 1989 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய், இது நம் இலை இல்லை, இனி இதுதான் என்று சொல்லித்தர வேண்டியிருந்தது. தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ். சேத்தி 1992இல் ஓய்வு பெறும்வரை பென்சிலால் வரைந்து தள்ளிய சின்னங்கள் பல இன்னும் சுயேச்சைகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. மேசை, கூடை, பல் துலக்கி, தையல் இயந்திரம் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தால், ஒரு காலகட்டத்து இந்திய வீட்டின் சாமான் பட்டியலைப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

1952இன் ஏற்பாட்டில் பிழைகளும் இருந்தன. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தன் பெயரில் நிற்கும் ஒரு குடிமகளைத்தான் பட்டியல் ஏற்கும் என்ற அவரது பிடிவாதம் கொள்கையளவில் சரி. ஆனால் வாக்குச்சாவடிக்குள் அவ்வளவு கவனமாக யோசித்த அதே முறை, வீட்டு வாசலில் பெயர் கேட்கும் இடத்தில் போதுமான அளவு யோசிக்கவில்லை. கேட்டவர்களுக்கும் பதில் சொல்லத் தயங்கிய பெண்களுக்கும் இடையே இருந்த தூரத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

பெட்டி முறையிலும் ஓட்டை இருந்தது. குறியில்லாத சீட்டைப் பெட்டியில் போடாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வெளியே அதற்கு விலை உண்டு. பத்து வேட்பாளர் என்றால் பத்துப் பெட்டி என்பதால் செலவும் ஏறிக்கொண்டே போனது. 1962 பொதுத்தேர்தலில் பெட்டி ஒன்றானது. எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் வந்தன. வாக்காளர் தனக்கு வேண்டிய சின்னத்தின்மேல் முத்திரை குத்த வேண்டும். பேனாவோ பென்சிலோ கொடுக்கவில்லை. எழுதிப் பழகாத கைக்குப் பேனா பிடிப்பது சிரமம். ரப்பர் முத்திரையை யாரும் குத்தலாம்.

அந்த முத்திரையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அது ஒரு புள்ளியாகவோ வட்டமாகவோ பெருக்கல் குறியாகவோ இல்லை. நடுவிலிருந்து நான்கு கைகள் கிளம்பி, ஒவ்வொன்றும் ஒரே சுற்றுத்திசையில் வளைந்து அம்புபோல் முடியும். சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெருக்கல் குறியாக இருந்தால் எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுகிறவரால் சொல்ல முடியாது. இரண்டு சின்னங்களில் மை இருந்தால் ஓட்டு செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். இந்த முத்திரையின் கைகளோ ஒரு பக்கமாகச் சுற்றுகின்றன. மடிப்பில் ஒட்டிய பிரதி கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். திசையைப் பார்த்தவுடன் உண்மையான ஓட்டு எது என்று தெரிந்துவிடும். வாக்காளர் மை காயும்வரை காத்திருக்க வேண்டும், இப்படித்தான் மடிக்க வேண்டும் என்று விதி போட்டு, மீறியவரின் ஓட்டைக் கழித்திருக்கலாம். அதற்குப் பதில், மனிதர்கள் அவசரமாக மடிப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, பிழை வந்தாலும் ஓட்டு பிழைக்கும்படி முத்திரையைச் செய்தார்கள்.

விதிகளிலும் இதே மனப்பாங்கு தெரிகிறது. முத்திரை மங்கலாக விழுந்தது, ஒரே வேட்பாளருக்கு இரண்டு முறை குத்தப்பட்டது என்ற காரணங்களுக்காக மட்டும் சீட்டைத் தள்ளக் கூடாது, வாக்காளரின் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்கிறது தேர்தல் நடத்தை விதிகளின் 56ஆவது விதி. எண்ணும் மேசையில் உட்காருகிற அதிகாரியின் வேலை பிழை கண்டுபிடிப்பது அல்ல, வாக்காளர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்பது.

இதே பாடத்தை உலகம் வேறொரு பக்கத்திலிருந்து, விமான விபத்துகளின் வழியே கற்றுக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு தரையிலேயே வயிறு மோதிச் சரிந்தன. ஓட்டிகள் சிறகு மடிப்பை மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விசாரணைக் குறிப்புகளில் விமானியின் பிழை என்று எழுதினார்கள். உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் ஓட்டியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்துக்கும் சிறகு மடிப்புக்குமான விசைகள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. சக்கர விசையின் நுனியில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஒரு ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார்கள். கை தடவினாலே எது எது என்று தெரிந்தது. அந்த வகை விபத்து நின்றது. 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இப்படிப்பட்ட 460 பிழைகளை ஆராய்ந்து, விமானியின் பிழை என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கருவியின் பிழை என்று காட்டினார்கள்.

1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் அதே கதை பெரிய அளவில் நடந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். அந்த விளக்கோ, மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு திறந்தே கிடக்க, குளிர்விக்கும் நீர் வெளியேறி, அணு உலையின் மையம் பாதி உருகியது. ஒரே தவறைப் பலரும் செய்தால் அந்தப் பலரைத் திட்டுவதில் பயனில்லை, அவர்கள் கையில் கொடுத்த பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்ற எளிய உண்மைக்கு நாகரிக உலகம் கொடுத்த விலை மிக அதிகம்.

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் தேர்தல் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், ஃப்ளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் முதிய வாக்காளர்கள் அதிகம். அவர்களுக்காகப் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிட அந்த மாவட்டத் தேர்தல் அதிகாரி முடிவெடுத்தார். எழுத்து பெரிதானதால் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. விரித்த புத்தகம்போல் இடதும் வலதுமாக இரண்டு பக்கங்களில் பெயர்களைப் பிரித்து, துளையிட வேண்டிய வரிசையை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது துளை. புக்கானனுக்கு அந்த மாவட்டத்தில் 3,407 ஓட்டுகள் விழுந்தன. அவை பெரும்பாலும் தனக்கு வந்தவை அல்ல என்று அவரே சொன்னார். இரண்டு துளையிட்டதால் தள்ளப்பட்ட சீட்டுகள் 19,000க்கும் அதிகம். ஃப்ளோரிடாவில் ஜார்ஜ் புஷ் வென்ற வித்தியாசம் 537. மாதிரிச் சீட்டை முன்கூட்டியே கட்சிகளிடம் காட்டியிருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. மேசையில் வைத்துப் பார்ப்பதும் வாக்குச்சாவடியில் நின்று துளையிடுவதும் ஒன்றல்ல. பத்து முதியவர்களைத் தனித்தனியே நிற்க வைத்துத் துளையிடச் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பம் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டிலும் ஓட்டுச் சீட்டு ஒருமுறை தன் எல்லையைத் தொட்டது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்கான போராட்ட வடிவம் அது. வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. அந்தப் புத்தகத்தைப் புரட்டித் தன் சின்னத்தைத் தேடிய வாக்காளர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும் மக்களவைக்கு 500இலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது. சில கோளாறுகளைத் தாளிலோ பெட்டியிலோ சரிசெய்ய முடியாது, சட்டத்தில்தான் சரிசெய்ய முடியும். ஆனால் அப்படிச் செய்யும்போது ஏழை வேட்பாளரின் வாசலும் குறுகுகிறது. ஒருவருக்கு எளிதாக்குவது இன்னொருவருக்குக் கடினமாகலாம் என்பதை எந்த வடிவமைப்பும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மின்னணு இயந்திரம் இந்த வரலாற்றின் அடுத்த கட்டம். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டுகளைச் செல்லாததாக்கியது. சட்டம் திருத்தப்பட்டு, 2001இல் தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளுக்கும் 2004இல் நாட்டின் எல்லா மக்களவைத் தொகுதிகளுக்கும் இயந்திரம் வந்தது. அதைச் செய்தவை ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் எஸ். ரங்கராஜன் தமிழ் வாசகர்களுக்கு சுஜாதா. வெளித்தோற்றத்தையும் பயன்பாட்டு வடிவத்தையும் அமைத்ததில் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்துக்குப் பங்குண்டு.

அந்த இயந்திரத்தில் வாக்காளர் பார்க்கும் பகுதியில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. பழைய ஓட்டுச் சீட்டே அங்கே ஒட்டியிருக்கிறது: பெயர், பக்கத்தில் சின்னம், அதற்கு நேராக ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமான பீப் சத்தம் கேட்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் பதில். பார்வையற்றவருக்குப் பொத்தானின் பக்கத்தில் பிரெய்லி எண். மின்சாரம் இல்லாத ஊரிலும் வேலை செய்ய பேட்டரி. வாக்குச்சாவடியைக் கைப்பற்றுகிற ரவுடியையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுகளுக்கு மேல் பதிய முடியாதபடி இயந்திரத்தை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். சீட்டுக் காலத்தில் கட்டுக் கட்டாக முத்திரை குத்தியதுபோல் இங்கே செய்ய முடியாது. முத்திரை விழும் இடம் பற்றிய சண்டையும் செல்லாத ஓட்டும் சாவடியிலிருந்து மறைந்தன.

சிக்கல்கள் நிற்கவில்லை, திருத்தங்களும் நிற்கவில்லை. ஒரே பெயரில் பலரை நிறுத்தி வாக்காளரைக் குழப்பும் தந்திரத்துக்கு எதிராக 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் சேர்ந்தது. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் மேலும் ஐந்து பேர் மனுச் செய்தார்கள். 2019இல் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றதால் ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக வைத்தார்கள். மொடக்குறிச்சியின் புத்தகம் அங்கே பெட்டிகளாக மாறியது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. சீட்டில் முத்திரை குத்தியவர் தன் ஓட்டைக் கண்ணால் பார்த்தார். பொத்தானை அழுத்தியவர் விளக்கை மட்டுமே பார்க்கிறார். உள்ளே என்ன பதிவானது என்பதை யாரோ ஒரு நிபுணர் சொல்லித்தான் அவர் நம்ப வேண்டும். 2009இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடியாத வாக்கு இயந்திரங்கள் அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. இந்தியா வேறு வழியை எடுத்தது. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி 2019க்குள் எல்லாச் சாவடிகளுக்கும் விவிபாட் வந்தது. பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் பெயரும் சின்னமும் அச்சிட்ட சிறு தாள் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. அந்தத் தாள்களில் எத்தனையை எண்ணுவது என்ற வழக்கு இன்னும் மக்கள் மன்றத்தில் ஓயவில்லை. எளிதாகப் பயன்படுத்த முடிவது பாதி. சந்தேகப்படுகிறவருக்கும் பதில் சொல்ல முடிவது மறுபாதி. இரண்டாவதைத் தொழில்நுட்பத்தார் மறந்துவிடுகிறார்கள். சந்தேகப்படுகிறவரும் அந்தப் பொருளின் பயனாளிதான்.

இவ்வளவு நீண்ட வரலாற்றில், மறுபடி மறுபடி வாக்காளரின் பக்கம் நின்று யோசிக்க வைத்தது எது? அதிகாரிகளின் நல்ல மனது மட்டும் அல்ல. ரகசிய வாக்குரிமை என்ற நிபந்தனைதான். ஓட்டுப் போடுகிறவருக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. அதனால் பொருள் தானாகவே புரிய வேண்டும். புரியாவிட்டால், சீட்டுக் காலத்தில் அது செல்லாத ஓட்டாக எண்ணும் மேசைக்கு வந்துவிடும், கணக்கில் தெரிந்துவிடும், யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். பார்வையற்றவருக்கோ உடல் நலிந்தவருக்கோ துணை தேவைப்பட்டால், அந்தத் துணைக்கும் விதி உண்டு. ஓட்டை ரகசியமாக வைத்திருப்பேன் என்று அவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதே நாளில் இன்னொருவருக்கு அவர் துணையாகப் போக முடியாது. உதவியைக்கூட உரிமை கெடாதபடி வடிவமைத்திருக்கிறார்கள்.

மற்ற அரசுச் சேவைகளில் இந்த நிபந்தனை இல்லை. அங்கே உதவிக்கு எப்போதும் ஓர் ஆள் இருக்கிறார், அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் வடிவமைப்பின் குறை மறைந்துகொள்கிறது. எந்த இ-சேவை மையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வருமானச் சான்றிதழுக்கு வந்த பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கணினிக்கு முன்னால் இருப்பவர் கேட்கும் ஒவ்வொன்றையும் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்: ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம். ஓடிபி வந்திருக்கும், பாருங்க என்றதும் கைபேசியையே நீட்டிவிடுகிறார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன என்று அவருக்குத் தெரியாது. மைய நடத்துநருக்குத் தெரியும். வேலை முடிந்துவிடுகிறது. விண்ணப்பம் இணையத்தில் பதிவானது என்று புள்ளிவிவரத்தில் ஒன்று கூடுகிறது. குடிமகன் தானே பயன்படுத்திய சேவை என்று அது கணக்கில் ஏறுகிறது. அவர் அதைப் பயன்படுத்தவே இல்லை என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2021இல் இதன் விலை வெளியே தெரிந்தது. மே 1 முதல் 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கு கொரோனா தடுப்பூசி திறக்கப்பட்டபோது கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம். தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. வேகமான இணையமும் ஆங்கிலமும் உள்ள நகரத்து இளைஞர்கள் சில நொடிகளில் இடங்களைப் பிடித்தார்கள். மே 31இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிளவைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பியது. ஜூனில் மற்ற மொழிகள் வந்தன, நேரில் வந்து ஊசி போட்டுக்கொள்ளும் வழியும் விரிவானது. திருத்தினார்கள், உண்மைதான். ஆனால் எழுத்தறிவு 18 சதவீதமாக இருந்த நாட்டில் முதல் நாளிலேயே யோசிக்க முடிந்ததை, செயற்கைக்கோள் விடும் நாட்டில் ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் சொல்லி யோசிக்க வேண்டியிருந்தது.

நியாய விலைக் கடையின் கைரேகைக் கருவியும் அப்படித்தான். கல் உடைத்தும் களை பறித்தும் சிமென்ட் குழைத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாகப் பதிவதில்லை. முதுமையிலும் ரேகை மங்கும். அரிசி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுடைய விரலைத்தான் அந்தக் கருவி அதிகம் மறுக்கிறது. கருவி மறுத்ததும் கடைக்காரர் சொல்வது, கையைத் துடைத்துட்டு வைங்கம்மா என்பது. தவறு விரலின்மேல் போய்விடுகிறது. பி-17 விமானத்தின் விசைகளைப் பார்க்காமல் ஓட்டியைக் குறைசொன்ன அதே பழக்கம்தான் இது.

உதவி கிடைப்பது தவறல்ல. நம் சமூகத்தில் ஒருவர் மற்றவருக்குப் படித்துக் காட்டுவதும் எழுதிக் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள். ஆனால் உதவி இல்லாமல் நடக்காது என்ற நிலை வேறு. அங்கே இடைத்தரகர் பிறக்கிறார், கட்டணம் பிறக்கிறது, தன் வங்கிக் கணக்கைத் தானே பார்க்க முடியாத பெண் மகனுக்குக் கட்டுப்படுகிறாள். ஓட்டுப் போடும்போது ஒரு நிமிடம் சுதந்திர மனுஷியாக நிற்கிறவர், மீதி ஐந்து வருடமும் அரசின் வாசலில் யாராவது கைபேசியோடு வருவாரா என்று காத்திருக்க நேர்கிறது.

இதைச் சரிசெய்வது கடினமான காரியம் அல்ல. அரசுத் துறைகள் இணையதளத்துக்கும் செயலிக்கும் கருவிக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். வெளியிடுவதற்கு முன், அந்தச் சேவை யாருக்காகவோ அவர்களில் ஐம்பது பேரை, முதியவர், கூலித் தொழிலாளி, பார்வையற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் உட்பட, ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, எதையும் சொல்லித்தரக் கூடாது. எத்தனை பேர் முடித்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதை அறிக்கையாக மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத சேவையைத் திறந்து வைக்க அமைச்சரை அழைக்க வேண்டாம். செய்து கொடுத்த நிறுவனத்துக்குப் பணமும் கொடுக்க வேண்டாம்.